உரிக்கிறவள் வீட்டுக் கம்ப்யூட்டர்

என் கணவர் லோகநாதன் எந்தப் புதுச் சாமானின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் தாளையும் உரிக்கமாட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடமாகிறது. ஃபிரிட்ஜ் கதவில் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பிய தாள் இன்னும் அப்படியே இருக்கிறது, ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் கொப்புளம் கொப்புளமாக. டிவி ரிமோட்டுக்கு உறை, உறைக்கு மேல் ரப்பர் பேண்ட். வண்டி சீட்டில் கடைக்காரன் போட்ட கவர், அதன் மேல் இவர் போட்ட கவர். நானோ கரூர்க்காரி, கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வீட்டுக்குப் புதுசாக எது வந்தாலும் கத்திரிக்கோலோடு முன்னால் போய் நிற்பேன். "யாருக்காகங்க காப்பாத்தறீங்க?" என்று ஏழு வருடமாகக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அவர் வேலையும் அப்படி. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். பிரித்த சாமானைக் கொடுத்தவன் திரும்ப எடுக்கமாட்டான், வழவழப்பாகக் கடைந்த பாகத்தில் கைரேகை பட்டால் துருவேறும், மாட்டுகிற நிமிடம் வரைக்கும் எல்லாம் மூடித்தான் இருக்கவேண்டும். பதினாறு வருடம் இதையே சொல்லி, இதையே செய்து, அந்த ஸ்டோர்ஸை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இந்தக் கதை எங்கள் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்த கதை. முழுசாக வாங்கியதில்லை. ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, நானே மாட்டியது.

கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்த மாதிரி படமாகக் காட்டுவதுதான் என் தொழில். வாசலில் நுழைந்தால் எப்படி இருக்கும், சமையலறை ஜன்னலில் காலை வெயில் எங்கே விழும், எல்லாம் கம்ப்யூட்டரிலேயே செய்வேன். இதற்காக ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து தரமணி ஆபீஸ் வரைக்கும் போய் வந்துகொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோ, ரயில், இன்னொரு ரயில், இன்னொரு ஷேர் ஆட்டோ. போக வர ஐந்து மணி நேரம். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டில் நின்றபடியே ராஜினாமாவை போனில் தட்டி அனுப்பிவிட்டேன். அவ்வளவு கோபம்.

தைரியத்துக்குக் காரணமும் இருந்தது. குமணன்சாவடி பக்கம் அடுக்குமாடி கட்டுகிற சுப்பராயன் என்பவர், ஒன்றரை நிமிடப் படம் ஒன்று கேட்டிருந்தார். மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் தரவேண்டும். பிடித்துவிட்டால் அவருடைய அடுத்த மூன்று கட்டடங்களும் எனக்கு. பிடிக்கவில்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை, கட்டடமும் இல்லை. என் மேனேஜர் நிஷா நல்ல பெண். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் மனசு மாறினால் ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிடுவதாகவும், ஐந்து மணி தாண்டினால் தன் கையில் எதுவும் இல்லை என்றும் சொல்லியிருந்தாள். என் பழைய லேப்டாப்பில் அந்தப் படம் முழுசாக உருவாகி வர நான்கு நாள் ஆகும், நடுவில் அது மயங்கி விழாமல் இருந்தால். அதனால்தான் புதுசு.

அந்த மூன்று வாரம் நான் நானாக இல்லை. காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் ப்ராசசர் பெயர்கள். இந்த ப்ராசசருக்கு இந்த மதர்போர்டு சேரும், அந்த மதர்போர்டுக்கு இந்த ராம் சேராது, இந்த கிராபிக்ஸ் கார்டு அந்த கேபினெட் பெட்டிக்குள் நுழையவே நுழையாது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பத்துப் பொருத்தம் பார்த்தால் போதும், இதற்கு இருபது பார்க்கவேண்டியிருந்தது. ரசத்துக்குப் பெருங்காயம் போட மறந்தேன். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பையனிடம், கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் வேண்டும் என்று கேட்டேன். அவனும் ஆவடி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து பல வருடம் ஆகியிருந்தது.

மற்றதெல்லாம் எப்படியோ முடிவாகிவிட்டது. சூடேறுகிற ப்ராசசரைக் குளிர்விக்கிற கூலர் சமாசாரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். இணையத்தில் கூலரைச் சோதித்துப் பார்க்கிற மகாராசன்கள் எல்லோரும், அறையின் வெப்பம் இருபத்தொரு டிகிரி என்று வைத்துக்கொள்வோம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கத்திரி வெயிலில் எங்கள் மாடி அறைக்கு வந்து அப்படி வைத்துக்கொள்ளட்டும், பார்க்கலாம். மேற்குப் பார்த்த சுவர். நாலு மணிக்கு முப்பத்தேழு டிகிரி. சுவரில் சாய்ந்தால் முதுகில் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும்.

அம்பத்தூர் ஓ.டி.யில் கஜபதி என்று ஒருவர் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறார். பொறுமைசாலி. நான் ஏழாவது தடவையாகப் போனபோதுகூட எழுந்து நின்று ஸ்டூல் போட்டார். தண்ணீர் ஓடுகிற கூலர் ஒன்றை எடுத்துக் காட்டினார். இரண்டு குழாய், ஒரு சின்ன பம்பு, மூன்று ஃபேன். என் கூட வந்திருந்த லோகநாதன் பம்பு என்றதும் ஆர்வமாகக் கையில் வாங்கினார், தண்ணீர் என்றதும் கீழே வைத்துவிட்டார்.

"ஊட்டுக்கே லாரி தண்ணிதான் வாங்கிகினு கீறோம். இதுக்கு வேற ஊத்தணுமா?" என்றார்.

அது மூடி முத்திரை வைத்தது, ஊற்றவே வேண்டாம் என்று கஜபதி விளக்கினார். பதினாறு வருடம் பம்புகளோடு இருந்தவரிடம் கசியாத பம்பு என்று சொன்னால் நம்புவாரா. கடைசியில் காற்றில் குளிர்கிற கூலரையே எடுத்தோம். செங்கல்லை விடப் பெரிசு, ஒரு கிலோவுக்கு மேல் கனம், நடுவில் ஃபேன், அடியில் பளபளவென்று செம்புத் தட்டு. அந்தத் தட்டு ப்ராசசரின் தலையில் ஒட்டி உட்கார்ந்து சூட்டை உறிஞ்சி மேலே அனுப்பவேண்டும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் இருக்க ஒரு பசை தடவுவார்கள். பட்டாணி அளவு.

கேபினெட் தேர்வில் லோகநாதன் என்னையே அசத்திவிட்டார். கடையில் சாமி படத்துக்கு ஏற்றியிருந்த ஊதுபத்தியை உருவிக்கொண்டு வந்து, ஃபேன் சுற்றுகிற ஒவ்வொரு கேபினெட்டின் முகத்துக்கும் காட்டினார். புகை முன்னால் நுழைந்து பின்னால் நேராக வெளியே வந்தால் நல்ல பெட்டி. உள்ளேயே சுற்றினால் வேண்டாம். நான்கு பெட்டி தள்ளுபடியாகி ஐந்தாவதில் புகை கோடு போட்ட மாதிரி ஓடியது. கஜபதி அன்றிலிருந்து எல்லோருக்கும் ஊதுபத்தி காட்டித்தான் விற்பதாகக் கேள்வி.

அந்தக் கடைசி வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நானும் லீவு, அவரும் லீவு. வியாழக்கிழமை காலையிலேயே மாடி அறையில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். உரிக்க எத்தனை தாள், எத்தனை உறை! மதர்போர்டு உறையைக் கிழித்தேன், எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் ஒட்டியிருந்ததை உரித்தேன், கிராபிக்ஸ் கார்டின் மேல் இருந்ததை ஒரே இழுப்பில் உரித்தேன். ஒவ்வொரு சர்ர் சத்தத்துக்கும் லோகநாதனின் முகம் சுருங்கியது. கூலர் ராமின் மேல் இடிக்கிறதா என்று அளந்து பார்க்க அதையும் எடுத்து, செம்புத் தட்டில் இருந்த தாளையும் உரித்துப் பாயில் போட்டேன். அதற்குள் கீழே கொரியர்காரன் கூப்பிட்டான். போய்க் கையெழுத்துப் போட்டு மிச்ச ஃபேனை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் உரிக்கவில்லை. கேபினெட்டின் பக்கவாட்டுக் கண்ணாடி மேல் இருந்த தாள். சனிக்கிழமை படத்தை அனுப்பியதும் உரிக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். லோகநாதன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கூலரை வைக்கிற நேரம் வந்தது. ப்ராசசர் மேல் பட்டாணி அளவு பசை வைத்தேன். ஒரு கிலோ கனத்தை இரண்டு கையாலும் தூக்கி, ஆடாமல் அசையாமல் நேராக இறக்கவேண்டும். கோணலாக உட்கார்ந்தால் பசை ஒருபக்கம் ஒதுங்கிவிடும். லோகநாதன் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். பாதி இறக்கும்போது, ஹேமா, அடியில் என்று ஏதோ ஆரம்பித்தார். டார்ச் ஆடியது. எனக்குச் சுருக்கென்று வந்தது. டார்ச்சை ஆட்டாமல் பிடியுங்கள், நான் முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கத்திவிட்டேன். அவர் வாயை மூடிக்கொண்டார். திருகாணி நான்கையும் முடுக்கினேன்.

பட்டனை அமுக்கினேன். ஃபேன்கள் சுற்றின, உள்ளே நீல விளக்குகள் எரிந்தன, திரையில் எழுத்து வந்தது. நான் பாயைச் சுற்றிக் குதித்தேன். முப்பத்தாறு வயசுப் பொம்பளை குதிக்கிற மாதிரியா குதித்தேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டார்கள்.

படத்தை உருவாக்கும் வேலையை ஓடவிட்டு நான்கு நிமிடம்தான். ப்ராசசர் வெப்பம் எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்றேழு, நூறு. அணைந்துவிட்டது.

மறுபடி போட்டேன், மறுபடி நூறு. பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதிரில் டேபிள் ஃபேனை வைத்தோம். நூறு. ஏசி இருப்பது கீழே படுக்கையறையில்தான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெஷினைப் படியிறக்கி, கட்டிலில் ஏற்றி, பதினெட்டில் ஏசியைப் போட்டோம். எங்களுக்குப் பல் தந்தியடித்தது, அதற்கு மட்டும் நூறு. லோகநாதன் கூலரின் தகடுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மேலே ஜில்லென்றுதான் இருக்கிறது, சூடு ஏறி வரவே இல்லை என்றார். அந்தப் பேச்சைக் காதில் வாங்கியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். நான் ஆவடி வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கஜபதிக்குப் போன் போட்டேன். அவர் முதலில் கேட்டது கூலருக்கு அடியில் இருக்கிற தாளை எடுத்தீர்களா என்றுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் உரிக்காம வுடுவனாங்க? எங்க ஊட்டுல உரிக்கறவளே நான்தான்" என்றேன்.

அப்படியானால் காலையில் கடை திறந்ததும் கொண்டு வாருங்கள் என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிஷாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி படுத்திருந்தேன். மறுபடியும் அந்த இரண்டு ரயில், இரண்டு ஷேர் ஆட்டோ. அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதேன், ஏனென்றால் லோகநாதன் விழித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

காலையில் மெஷினைப் புது பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் லோகநாதன் மடியில் வைத்தோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துவிட்டு, எந்தக் கோயிலுக்கு சாமி எடுத்துப் போகிறீர்கள் என்று கேட்டார். அம்பத்தூர் என்றார் லோகநாதன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அதற்கப்புறம் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அந்த ஆட்டோ ஊர்ந்துதான் ஏறி இறங்கியது. அவ்வளவு கவலையிலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கஜபதி திருகாணிகளைக் கழற்றி, கூலரை லேசாகத் திருகித் தூக்கித் தலைகீழாகப் பிடித்தார். செம்புத் தட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். சூட்டில் சுருங்கி, பசை முழுக்க அதன் மேல் அப்பி, நடுவில் சிவப்பு எழுத்து. மாட்டும் முன் இதை நீக்கவும் என்று எழுதியிருந்தது.

"இன்னா மேடம், உரிச்சேன்னீங்க. இங்க கீதே" என்றார்.

உரித்தேன் என்று சாமி மேல் சத்தியம் செய்தேன். இந்தக் கையால் உரித்துப் பாயில் போட்டேன், எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றேன். லோகநாதன் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் திரும்ப ஒட்னேன்" என்றார்.

நான் திரும்பினேன்.

"நீ கொரியர்காரங்கிட்ட போனியே, அப்போ. செம்பு தெறந்து கெடந்துச்சு. கை பட்டா கறுத்துப் பூடுமேன்னு ஒட்டி வெச்சேன். எங்க ஸ்டோர்ஸ்ல அப்டித்தான், மாட்ற வரைக்கும் மூடி வெப்போம். மாட்டும்போது நீ எடுத்துருவேன்னு நெனச்சேன்."

"எடுக்காம எறக்கறப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். டார்ச்ச ஆட்டாம புடி, ஒரு வார்த்த பேசக்கூடாதுன்னே. அப்பால போன்லயும் உரிச்சேன்னு அடிச்சு சொன்னே, நான்தான் சரியா பாக்கலன்னு வுட்டுட்டேன்."

கிளம்பி வந்த கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அதற்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. உரிக்கிறவள் உரித்தாள், ஒட்டுகிறவர் ஒட்டினார், கத்துகிறவள் கத்தினாள். எங்கள் ஏழு வருடக் குடித்தனமும் அந்தத் தட்டுக்கும் ப்ராசசருக்கும் நடுவில் சுருங்கிக் கிடந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. கஜபதியும் கூலரைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

லோகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. இதனால் ப்ராசசர் பாழாகிவிட்டதா என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, சூடு தாங்காமல் தானே அணைந்துகொள்ளும் என்று கஜபதி சொன்னபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கி, செம்புத் தட்டை அவரே துடைத்தார். தன் முகம் அதில் தெரிகிற வரைக்கும் துடைத்தார்.

மதியம் ஒரு மணிக்கு எங்கள் மாடி அறையில் படம் உருவாக ஆரம்பித்தது. அறுபத்துநான்கு டிகிரி. நாலு மணிக்கு மேற்குச் சுவர் காய்ந்து அறையில் முப்பத்தேழு ஆனபோது அறுபத்தெட்டு. அதற்கு மேல் ஏறவில்லை. நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பால் பொங்குகிறதா என்று பார்க்கிற மாதிரி.

நாலே முக்காலுக்கு நிஷா கூப்பிட்டாள். ஐந்து மணி ஆகப் போகிறது ஹேமாவதி, கிழிக்கட்டுமா வேண்டாமா என்று கேட்டாள். திரையில் நாற்பத்தொரு சதவீதம் என்றிருந்தது. முழுசாக முடிய ராத்திரி ஆகும். முடிந்தாலும் சுப்பராயனுக்குப் பிடிக்கவேண்டும். பத்து நிமிடத்தில் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

லோகநாதன் டீ கொண்டுவந்தார். டம்ளரை வைத்துவிட்டு கேபினெட் கண்ணாடியைக் காட்டினார். தாள் இன்னும் இருந்தது. உள்ளே எரிகிற நீல விளக்கு மங்கலாகத் தெரிந்தது.

"இத மட்டும் ஏன் நீ உரிக்கல?" என்றார்.

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட்டேன். "ஒருவேள சரியா வரலீன்னா விக்கோணும்லங்க. தாள் இருந்தாத்தான் புதுசாட்டம் போகும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழு வருடமாகக் கஞ்சத்தனம், கஞ்சத்தனம் என்று அந்த மனுஷனைக் கிண்டல் செய்திருக்கிறேன். அது பயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, எனக்கே அது வந்த பிறகு. எந்தச் சாமானும் நமக்கென்றே நிலைக்காது, ஒருநாள் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும் என்கிற பயம்.

அவர் குனிந்து, கண்ணாடியின் மேல்மூலையில் நகத்தை வைத்தார்.

"யாருக்காகக் காப்பாத்தறே?" என்று கேட்டுக்கொண்டே இழுத்தார்.

சர்ர்ர் என்று நீளமாக ஒரு சத்தம், மேலிருந்து அடி வரைக்கும். உள்ளே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சுற்றுகிற ஃபேன், கூலரின் தகடு ஒவ்வொன்றும், நான் முடுக்கிய திருகாணிகள். போனை எடுத்து நிஷாவிடம் கிழிக்க வேண்டாம் என்றேன். அப்படியானால் என் டேபிள் மேல் இருக்கிற மணிபிளாண்ட்டை தான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எடுத்துக்கோ என்றேன்.

திரும்பிப் பார்த்தால் லோகநாதன் உரித்த தாளை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். நல்ல கனமான தாள், அடுப்புப் பக்கம் டைல்ஸில் ஒட்டிக்கொள்ளலாம் என்றார். என்னவோ செய்யுங்கள் என்று டீயைக் குடித்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே படத்தை அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை சுப்பராயன் பேசினார். திருநின்றவூர் கட்டடத்தை முதலில் ஆரம்பிக்கலாம், மற்ற இரண்டும் தீபாவளிக்குள் என்றார். நான் மாடியிலிருந்து கீழே ஓடிவந்து, கொண்டாட ஐஸ்கிரீம் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனேன்.

கதவின் மேல்மூலையில் பழைய தாள் ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து மடங்கியிருந்தது. அது தானாக உரிந்ததில்லை, நகம் பட்ட தடம் தெரிந்தது. அடியில் கதவு பால் வெள்ளையாக இருந்தது. என் கை தன்னால் அதைப் பிடித்து இழுக்கப் போனது. இழுக்கவில்லை. மீதியை அவரே உரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.